கண்ணுக்குத் தெரியாத வளைவு

டாலிகஞ்ச் அறைகளில் மாலைதோறும் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாடும் தோழர்களே! கலிபோர்னியாவின் லகுனா சேக்கா ஓடுகளத்தில் நம்மவர் மண்ணைக் கவ்வும் இடம் ‘கார்க்ஸ்க்ரூ’ வளைவு. ஏறிவரும் பாதை உச்சியில் இடப்புறம் திரும்பி, உடனே வலப்புறம் மடிந்து, சுமார் 137 மீட்டருக்குள் 18 மீட்டர் கீழிறங்குகிறது. உச்சியைத் தாண்டாமல் அடுத்த திருப்பம் தெரியாது. தெரிந்தபின் பிரேக்கை மிதித்துப் பயனில்லை. ஏன்? உச்சியைக் கடக்கையில் சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறைகிறது, உராய்வும் குறைகிறது. எஞ்சிய உராய்வைப் பிரேக்கும் திருப்பமும் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. ஆகவே ஏற்றத்திலேயே, வண்டி நேராக ஓடும்போதே வேகத்தைக் குறையுங்கள். திரும்புவதற்கு வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் 10 விழுக்காடு குறைந்தால் விசை 19 விழுக்காடு குறையும். மெய்யான ஓட்டுநருக்கு வண்டி இலேசாவதை இருக்கையே சொல்லிவிடும். நாம் அமர்ந்திருப்பதோ பிளாஸ்டிக் நாற்காலி! எனவே பாதையோரத்தில் ஓர் அடையாளம் குறித்துக்கொண்டு, எந்தச் சுற்றிலும் அங்கேயே மிதியுங்கள்.