ஏஐ ஏஜென்ட் வைத்து அஸூரில் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி உருவாக்கலாம் வாங்க!

புராஜெக்டை டாக்கர் இமேஜாக மாற்றிவிட்டீர்கள், லேப்டாப்பில் நன்றாக ஓடுது. ஆனால் டீமில் உள்ள மற்றவர்களுக்கும், கிளவுடில் இருக்கும் சர்வருக்கும் அதே இமேஜ் போய்ச் சேரணுமே? அதற்குத்தான் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி. இமேஜ்களை வெர்ஷன் வாரியாக அடுக்கி வைக்கும் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுவது புஷ், வெளியே எடுப்பது புல். டாக்கர் ஹப் பலருக்கும் தெரிந்த கிடங்கு. நமக்கே நமக்கென்று ஒன்றை மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுடில் இன்று உருவாக்கப்போகிறோம்.

ஏஜென்ட் என்றால்?

சாதாரண சாட்பாட் கமாண்டை எழுதித் தரும். ஏஜென்ட் அதை டெர்மினலில் ஓட்டவும் செய்யும். விஎஸ் கோடில் உள்ள கிட்ஹப் கோபைலட்டின் ஏஜென்ட் மோட் இப்படிப்பட்டதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: அது உங்கள் லாகினில்தான் வேலை செய்கிறது. நீங்கள் எதையெல்லாம் அழிக்க முடியுமோ, அதையெல்லாம் அதுவும் அழிக்க முடியும்.

தேவையானவை

அஸூர் மாணவர் கணக்கு, அஸூர் சிஎல்ஐ, டாக்கர், கோபைலட் உள்ள விஎஸ் கோட். மாணவர் கணக்கில் கிரெடிட் கார்டு இல்லாமலே 12 மாதத்துக்கு 100 டாலர் கிரெடிட் கிடைக்கும். டெர்மினலில் 'ஏஇசட் லாகின்' கமாண்டைக் கொடுத்து முதலில் உள்ளே போய்விடுங்கள்.

நீங்கள் எடுக்க வேண்டிய 4 முடிவுகள்

"ஒரு ரெஜிஸ்ட்ரி உருவாக்கு" என்று மொட்டையாகச் சொன்னால், மீதியை ஏஜென்ட் தானே ஊகித்துக்கொள்ளும். அதனால் இவற்றை முன்பே முடிவு பண்ணுங்க.

1. பெயர்: 5 முதல் 50 எழுத்துகள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், ஹைஃபன் கூடாது. இதுவே இணைய முகவரியாகவும் ஆவதால், உலகில் வேறு யாரும் எடுக்காத பெயராக இருக்கணும்.

2. பிளான்: பேசிக்கில் 10 ஜிபி, ஸ்டாண்டர்டில் 100 ஜிபி, பிரீமியத்தில் 500 ஜிபி இடம் உண்டு. பேசிக்குக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 சென்ட், பிரீமியத்துக்குச் சுமார் 1.67 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிரீமியம் என்றால் உங்கள் 100 டாலரும் ஏறக்குறைய 60 நாளில் காலி! ஒரு இமேஜ்கூட போடாவிட்டாலும் இந்தக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். புராஜெக்டுக்கு பேசிக் தாராளம்.

3. ரீஜன்: சவுத் இந்தியா என்பது சென்னை, சென்ட்ரல் இந்தியா என்பது புனே. உங்கள் சர்வர் ஓடும் ரீஜனையே தேர்ந்தெடுங்கள். மாணவர் கணக்கில் சில ரீஜன்கள் கிடைக்காமல் போகலாம்.

4. அட்மின் யூசர்: இது ஆஃபில்தான் இருக்கும், அப்படியே விடுங்கள். ஆன் செய்தால், அந்தப் பாஸ்வேர்டு கிடைத்த யாரும் உங்கள் இமேஜ்களை எடுக்கலாம், மாற்றலாம். லாகின் எரர் வந்தால் "அட்மினை ஆன் பண்ணட்டுமா?" என்று ஏஜென்ட் கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டீம் ஆட்களுக்கு 'ஏசிஆர் புஷ்' ரோல், சர்வருக்கு 'ஏசிஆர் புல்' ரோல் கொடுத்தால் போதும்.

ஏஜென்டிடம் சொல்வது

தமிழிலேயே கேட்கலாம்:

"புதிய ரிசோர்ஸ் குரூப் ஒன்றை உருவாக்கு. அதில் நான் தரும் பெயரில், சென்ட்ரல் இந்தியாவில், பேசிக் பிளானில் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி வேண்டும். அட்மின் யூசர் ஆஃபில் இருக்கட்டும். ஒவ்வொரு கமாண்டையும் காட்டி, நான் சரி என்ற பிறகு மட்டும் ஓட்டு."

கமாண்ட் வந்ததும் உடனே அனுமதி கொடுத்துடாதீங்க. பெயர், பிளான், ரீஜன், அட்மின் நான்கும் நீங்கள் சொன்னபடி இருக்கா என்று படித்துப் பார்த்துவிட்டு கிளிக் செய்யுங்கள்.

இமேஜை ஏற்றுவது

முதலில் ரெஜிஸ்ட்ரியில் லாகின். அடுத்து இமேஜுக்கு ரெஜிஸ்ட்ரி முகவரியோடு சேர்த்து டேக் வைக்கணும். பிறகு புஷ். இந்த லாகின் 3 மணி நேரம்தான் செல்லும். காலையில் போன புஷ் மதியம் மறுக்கப்பட்டால் பதற வேண்டாம், மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும்.

புஷ் செய்யும் முன், ஏபிஐ கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ஃபைல்களை 'டாக்கர் இக்னோர்' ஃபைலில் சேருங்கள். இமேஜ் அடுக்கடுக்காக உருவாகிறது. ஒரு அடுக்கில் காப்பி செய்ததை அடுத்த அடுக்கில் அழித்தாலும், பழைய அடுக்கில் அது அப்படியே இருக்கும்.

வேலை முடிந்ததும்

டெமோ முடிந்த பின் அந்த ரிசோர்ஸ் குரூப்பை அழித்துவிட்டால் உள்ளே உள்ள எல்லாமே போய்விடும், கட்டணமும் நின்றுவிடும். தனி குரூப் கேட்டது இதற்காகத்தான். அழிக்கும் கமாண்டில் மட்டும் குரூப் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

இவ்வளவுதான் நண்பர்களே! இந்த வாரமே ஒரு சின்ன இமேஜை வைத்துச் செய்து பாருங்கள். "ஏன் பேசிக் பிளான் எடுத்தீங்க?" என்று வைவாவில் கேட்டால், ஏஜென்ட் வந்து பதில் சொல்லாது. நீங்கள்தான் சொல்லணும்!