கமலாபுரத்தில் இறங்க, தலையைத் திருப்ப வேண்டும்

சேலம் விமான நிலையம் எங்கள் அம்மாபேட்டையிலிருந்து ஓமலூர் பக்கம் போனால் கமலாபுரத்தில் இருக்கிறது. 1993ல் திறந்தார்கள். விமானமே வராமல் கிடந்த வருடங்கள் பல. 2018ல் உடான் திட்டத்தில் சென்னைக்கு மறுபடி விமானம் பறந்தது. சுமார் 1,800 மீட்டர் நீளத்தில் ஒரே ஓடுபாதை, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் சேலத்துக்காரர் யாராக இருந்தாலும், முதலில் இங்கேதான் இறங்கிப் பார்ப்பார். நானும் அப்படித்தான். தலையைத் திருப்பினால் திரைக் காட்சியும் திரும்பும் ஹெட் டிராக்கிங் எதற்கு என்று எனக்குப் புரியவைத்ததும் இந்த ஓடுபாதைதான்.

செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு நோக்கி இறங்கும் 04 ஓடுபாதைக்கு இடப்பக்கச் சுற்று. ஓடுபாதைக்கு இணையாகத் தென்மேற்கு நோக்கிப் பறக்கிறீர்கள். ஓடுபாதையின் முனை இடது தோளுக்குப் பின்னால், ஏறக்குறைய 45 பாகையில் தெரியும்போது திரும்ப வேண்டும் என்பது பயிற்சி விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு. அந்த நொடியில் ஓடுபாதைக்கு அப்பால் கிழக்கே சேர்வராயன் மலை நிற்கும். ஓடுபாதை முனையைப் பார்க்கத் தோளுக்குப் பின்னால் திரும்பியே ஆக வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் தலையில் இருக்கும் சிறு சுவிட்சைத் தள்ளினால் காட்சி திடுக்கென்று மாறும். மறுபடி முன்னால் வருவதற்குள் உயரம் 100 அடி குறைந்திருக்கும். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பினால்தான் கை விமானத்தைக் கவனிக்கும்.

இதற்கான கருவியைப் பற்றித் தெருவில் தம்பிகள் கேட்பது ஒரே கேள்வி: “எதுங்கண்ணா வாங்கலாம்?” நான் திருப்பிக் கேட்பது, உன் அறையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. பெரும்பாலான கருவிகளில் ஒரு கேமரா உங்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேமராவுக்குத் தலை சரியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் காட்சி நடுங்கும்.

ஆகவே பணம் செலவழிக்கும் முன் வீட்டில் இருக்கும் வெப்கேமை வைத்துத் தொடங்குங்கள். ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளில் நியூரல்நெட் என்ற டிராக்கர் இருக்கிறது. தலையில் எதையும் மாட்டாமல் முகத்தைப் பார்த்தே திசையைக் கண்டுகொள்ளும். பலருக்கு இதுவே போதும். ஆனால் வெப்கேம் அமைப்பில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் மாற்ற வேண்டும். முதலாவது, தானியங்கி எக்ஸ்போஷர். இருட்டறையில் அது படத்தை வெளிச்சமாக்குவதற்காக வேகத்தைக் குறைத்துவிடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா 15க்கு இறங்கும், காட்சி இழுத்து இழுத்து நகரும். அதை அணைத்துவிட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வையுங்கள். முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் திரைச்சீலை போடுங்கள். இரண்டாவது, மின்சார அதிர்வெண். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60 என்று அமைந்திருந்தால் பழைய டியூப்லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். டிராக்கர் அதைக் கண்டு குழம்பும்.

அம்மாபேட்டைக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் சுவரும் மேசையும் மெல்ல அதிரும். கேமரா மானிட்டர் தலையில் உட்கார்ந்திருந்தால், அந்த மெல்லிய அதிர்வு காட்சியில் பெரிதாகிவிடும். தறி இல்லாத பக்கத்துச் சுவரில் ஒரு தாங்கி அடித்துக் கேமராவை அங்கே மாற்றினால் பாதித் தொல்லை போய்விடும். மீதியை மென்பொருளின் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். அக்செலா என்ற வடிகட்டியைக் கூட்டினால் நடுக்கம் குறையும், காட்சி தாமதமாக வரும். குறைத்தால் இதற்கு நேர்மாறு. இந்த அமைப்பைத் தறி ஓடும் நேரத்துக்கு ஒன்று, அது நிற்கும் நேரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமித்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்த படி அகச்சிவப்பு விளக்கு. ஹெட்போனின் பக்கத்தில் மூன்று எல்இடி உள்ள கிளிப்பை மாட்டி, கேமரா அந்த மூன்று புள்ளிகளை மட்டும் பார்க்கும்படி செய்வது. முகம் இருட்டில் இருந்தாலும் கவலையில்லை, துல்லியமும் கூடுதல். சிமுலேட்டர்காரர்கள் பழைய பிளேஸ்டேஷன் 3 ஐ கேமராவைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். அது நொடிக்கு 60 படம் தரும். உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, கழுவிய நெகடிவ் ஃபிலிமின் கருத்த முனையை லென்ஸ் முன் ஒட்டினால் சாதாரண வெளிச்சம் நின்றுவிடும், அகச்சிவப்பு மட்டும் உள்ளே போகும். எல்இடியும் ரெசிஸ்டரும் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வெளிச்சம் அகலமாக விரியும் வகை எல்இடியாகக் கேட்டு வாங்குங்கள். குறுகிய கற்றையாக இருந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பியதும் புள்ளி மறைந்துவிடும். கிளிப்பில் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து ஓப்பன்டிராக்கில் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தலை அசைவைக் கணக்கிடுவதில் பிழை வரும்.

இந்த முறைக்குப் பகை வெயில்தான். மேற்குப் பார்த்த ஜன்னலில் சாயங்கால வெயில் விழுந்தால் கேமரா நாலாவது புள்ளியைக் கண்டுவிடும். குண்டு பல்பும் அதே வேலையைச் செய்யும். பின்னால் அலமாரியில் எவர்சில்வர் பாத்திரம் பளபளத்தால் துணியால் மூடுங்கள். எல்இடி டியூப்லைட்டால் தொந்தரவு இல்லை.

நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தின் டிராக்ஐஆர் 5 இதே தத்துவத்தில் நொடிக்கு 120 படத்தோடு வேலை செய்கிறது. சிரமமில்லாதது, வழுவழுப்பானது. வரவழைக்க ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டோபி ஐ டிராக்கர் 5 தலையோடு கண்ணையும் பார்க்கும், கிளிப் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் கண்ணாடியோடு ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் அதை வாங்க வேண்டாம் என்பேன். விஆர் வேறு உலகம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், சித்திரை வெயிலில் முகத்தில் அதைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டும்.

எந்தக் கருவி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வளைவு. தலை எத்தனை பாகை திரும்பினால் காட்சி எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று வரைபடமாக இழுத்து அமைக்கிறோமே, அதுதான். 24 அங்குல மானிட்டரிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திரையின் ஓரம் நடுவிலிருந்து சுமார் 22 பாகைதான். தலையை 25, 30 பாகைக்கு மேல் திருப்பினால் கண் திரையை எட்டிப் பிடிக்கச் சிரமப்படும். அந்த 30 பாகைக்குள், தோளுக்குப் பின்னால் பார்க்கத் தேவையான 140 பாகைக் காட்சியும் அடங்க வேண்டும். நேர்கோடாக வைத்தால் நடுவில் மூச்சுவிட்டாலே கருவிப் பலகை ஆடும். நடுவில் இரண்டு மூன்று பாகைக்கு எதுவும் அசையாமல் விடுங்கள். 10 பாகை வரை மெதுவாக ஏறட்டும். அதன் பிறகு செங்குத்தாகப் போகட்டும். மேல்கீழ் அசைவுக்கு இவ்வளவு தேவையில்லை. கீழே பார்ப்பதற்குத் தனி வளைவு வைத்தால் உயரமானியை லேசான குனிதலில் படிக்கலாம்.

திரும்பும் திசைகள் மட்டும் போதும், தலை நகர்வதெல்லாம் எதற்கு என்று சிலர் பக்கவாட்டு, முன்பின் அச்சுகளை அணைத்துவிடுகிறார்கள். செஸ்னாவுக்கு இறக்கை மேலே. இடது பக்கம் சாய்ந்து திரும்பும்போது அந்த இறக்கை கீழே இறங்கி ஓடுபாதையை மறைத்துவிடும். முன்னால் சாய்ந்து கொஞ்சம் குனிந்தால் இறக்கைக்குக் கீழே ஓடுபாதை மறுபடி தெரியும். திரும்புவதும் நகர்வதுமாக ஆறு அச்சும் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நடு நிலைக்குத் திரும்பக் கொண்டுவரும் கட்டளையை ஜாய்ஸ்டிக் பொத்தானிலேயே வையுங்கள். பறக்கப் பறக்க நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிடுவோம், கீபோர்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஜாய்ஸ்டிக்கே இன்னும் வாங்காத தம்பிகள் கையில் இருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்கட்டும். தலைக்கு இப்போதைக்கு வெப்கேம் போதும்.