எட்டரை மணி நோட்டு

வானிலையைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், ஒரு நோட்டு வாங்குங்கள், தினமும் காலை எட்டரைக்கு எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். செயற்கைக்கோள் படம், விண்டி செயலி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாம்பரம் பக்கத்தில் மொட்டை மாடியில் மழைமானி வைத்துப் பல பருவங்களாக அளந்து வருகிறேன். வளிமண்டலத்தின் போக்கில் பெரும்பகுதி மணிக்கணக்கோடு கட்டுப்பட்டது என்பதுதான் அதில் நான் கற்ற பெரிய பாடம். நேரம் போடாத குறிப்பு பிறகு எதற்கும் உதவாது.

ஏன் எட்டரை? இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாள் மழை என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பகலும் இரவுமாகத் தாம்பரத்தில் கொட்டித் தீர்த்த 49 செ.மீ. மழை, பதிவேட்டில் டிசம்பர் 2 என்ற தேதியில்தான் இருக்கும். காயல்பட்டினத்தில் 2023இல் பெய்த 95 செ.மீ. மழையும் டிசம்பர் 18 காலையோடு முடிந்த கணக்கு. நள்ளிரவோடு நாளை முடித்து எழுதினால், உங்கள் அளவை எந்த நிலையத்தோடும் ஒப்பிட முடியாது.

மழைமானிக்குப் பெரிய செலவு வேண்டாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஒரு ஸ்கேலும் போதும். வாய் எவ்வளவு அகலமானாலும் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம் மாறாது. மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். சுவரில் மோதி மேலே எழும் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சுவர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். மழை வலுக்கும்போது மணிக்கொரு தடவை அளவெடுப்பது நல்லது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை. அந்த மழை நாள் முழுக்க நிதானமாகப் பெய்தால் மண் குடித்துவிடும். இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

அடுத்தது காற்றழுத்தம். எனக்கு மிகப் பிடித்த பாடமும் இதுதான். சில கைபேசிகளுக்குள்ளேயே காற்றழுத்தமானி உண்டு. நவம்பரில் ஒரு சாதாரண நாளில் அதைக் கவனியுங்கள். காலை பத்து மணிக்கு 1013 ஹெக்டோபாஸ்கல் காட்டும். மாலை நான்கு மணிக்கு 1010 அல்லது 1009க்கு இறங்கியிருக்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும், விடியற்காலை நான்குக்கு மறுபடி இறங்கும். மேலே ஓசோனும் நீராவியும் வெயிலை உள்வாங்கிச் சூடாவதால் வளிமண்டலம் முழுவதும் எழும் அலை இது. கடலுக்கு ஓதம் இருப்பது போலக் காற்றுக்கும் உண்டு. ஆனால் இதை முக்கியமாக இயக்குவது சூரியன். நம்மைப் போல வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு இது மிகத் தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவில் அடுத்தடுத்து கடந்துபோகும் காற்றழுத்தத் தாழ்வுகளின் பெரிய ஏற்ற இறக்கத்தில் இது அமுங்கிவிடும். ஆகவே அழுத்தம் இறங்கினால் மழை என்று அங்கே எழுதிய விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலை நான்கு மணி அளவை நேற்று மாலை நான்கு மணி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால், வங்கக்கடலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய வேளை அது.

கூடவே காற்றின் திசையையும் எழுதுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், நம் அரைக்கோளத்தில் தாழ்வு இடக்கைப் பக்கம் இருக்கும். வடகிழக்கிலிருந்து வீசினால் தாழ்வு தென்கிழக்கே இருக்கிறது. அது வடக்காகவும் பிறகு வடமேற்காகவும் திரும்பினால், தாழ்வு கரையோரமாக நம்மைத் தாண்டி வடக்கே போகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்து அடித்தது. புயலின் கண் வந்தபோது காற்று நின்றது. பிறகு தெற்கிலிருந்து அடித்தது. திசைகளைக் குறித்து வைத்திருப்பவருக்கு அந்த அமைதி ஓய்ந்த புயலாகத் தெரியாது. அவர் வெளியே கிளம்ப மாட்டார்.

வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். இரவில் நிலம் குளிர்ந்து, நிலக்காற்று கடலை நோக்கி நகரும். கடலிலிருந்து வரும் காற்று கரையருகே அதை முட்டி மேலே எழும்பும். ஆடி, ஆவணி மழைக்கு வேறு நேரம். மேற்கே திருவள்ளூர், ராணிப்பேட்டை பக்கம் பகல் வெயிலில் மேகம் கட்டி, மாலையில் கடற்காற்றோடு சந்தித்து இரவில் நகரத்துக்கு வரும். கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிட்டால் அன்று வெயில் அடங்கும். மூன்று மணி வரை மேலைக்காற்று அதைத் தடுத்து நிறுத்தினால் 40 டிகிரியைத் தொட்டுவிடும்.

மேற்கே கட்டும் அந்த மேகங்கள் எந்தப் பக்கம் நகரும் என்பதை மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் உயரத்துக் காற்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூன் அதை அளக்கிறது. அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: இத்தகைய வரைபடங்களில் யுடிசி நேரம் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 00 என்றால் நமக்குக் காலை 5.30. ரேடார் படம் பார்க்கும்போது தூரத்தையும் மனத்தில் வையுங்கள். பூமி வளைந்திருப்பதால், தாழ்வாக அனுப்பும் கதிர்கூட நூறு கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மழை அதன் கண்ணில் படாது.

இதெல்லாம் கொஞ்சம் பழகியதும், நீங்களே கணித்து எழுதத் தொடங்குங்கள். மழை வரும் என்று பொதுவாக எழுதினால் சரிபார்க்க எதுவும் இருக்காது. மேற்கிலிருந்து, இரவு 8 முதல் 11க்குள், 2 செ.மீ.க்குள் என்று எழுதி, மறுநாள் எட்டரைக்கு நடந்ததை அதன் கீழேயே எழுதுங்கள். தொடங்க ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம், ஆடியிலேயே தொடங்கலாம். அரக்கோணம் பக்கம் ரேடாரில் சிவப்பாகத் தெரியும் மேகம் அரை மணியில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, உங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டால் விடை அன்று இரவே கிடைத்துவிடும். தாழ்வு மண்டலத்தில் அதற்கு நாட்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.