மண் கூறும் சான்று

பெங்களூரு யஷ்வந்த்பூரில் 1891ஆம் ஆண்டு உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பேரரசர்களின் தலையுருவம் பொறித்த அக்காசுகள், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கடல் வணிகத்தின் சான்றுகளாகும். காசுகளோடு உரோமானியக் கலை வடிவங்களும் இந்நாட்டிற்கு வந்தன. இந்நாட்டுக் கைவினைஞர் அவற்றைக் களிமண்ணில் வடித்தனர்.

தெலங்கானாவிலுள்ள கொண்டாப்பூரில், திபேரியசு மன்னனின் காசைப் போலச் சுடுமண்ணால் செய்த பதக்கங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை பொருள் வாங்க உதவும் காசுகள் அல்ல, அணிந்துகொள்ளும் அணிகலன்கள். அயல்நாட்டு நாணயத்தின் வடிவம் இங்கு அணியாயிற்று.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்யப்பட்ட 'அரிட்டைன்' என்னும் செந்நிறப் பாண்ட ஓடுகள் அங்குக் கிடைத்தன. அவற்றுடன் வேறுவகைத் தட்டுகளும் கிடைத்தன. அத்தட்டுகளின் உட்புறத்தில் நுண்ணிய கீற்றுகள் வட்ட வரிசைகளாக அமைந்திருந்தன. 'ரௌலட்டட்' எனப்படும் இவற்றையும் வீலர் மேலைநாட்டுப் பாண்டங்கள் என்றே கருதினார். 1947இல் கர்நாடகத்தின் சந்திரவள்ளியிலும் இவ்வகை ஓடுகளை அவர் கண்டெடுத்தார்.

பிற்கால ஆய்வாளர் இவ்வோடுகளின் துகள்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தனர். அவற்றிலுள்ள கனிமங்கள், அம்மண் இந்திய மண் என்பதைப் புலப்படுத்தின. இலங்கையின் அனுராதபுரத்திலும் இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. வாங்கியவராக மட்டும் எண்ணப்பட்டோர், ஆக்கிப் பிறநாடுகளுக்கு அனுப்பியவராகவும் விளங்கினர்.

எனவே, வேலைப்பாட்டை மட்டும் கண்டு ஒரு பாண்டத்தை உரோமானியப் பாண்டம் எனத் துணிதல் பொருந்தாது. வடிவத்தை அயலாரிடமிருந்து கற்றிருக்கலாம்; மண்ணைப் பிசைந்த கையும், வனைந்த சக்கரமும், சுட்ட சூளையும் இந்நாட்டினவே. அக்குயவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் உழைப்புக்கு மண்ணே சான்றாக நிற்கிறது.

சொற்பொருள்
வனைதல் – மண்பாண்டம் செய்தல்
சூளை – மண்பாண்டம் சுடும் இடம்
துணிதல் – முடிவு செய்தல்

வினாக்கள்
1. கொண்டாப்பூர்ப் பதக்கங்கள் எதற்குப் பயன்பட்டன?
2. ரௌலட்டட் ஓடுகள் இந்திய மண்ணால் ஆனவை என்பது எவ்வாறு அறியப்பட்டது?
3. 'அணியாயிற்று' – பிரித்து எழுதுக.
4. பிறர் கலையைக் கற்றுச் செய்வது சிறுமையா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.