மறைத்தலும் ஒளித்தலும் – ஒரு சொல் விளக்கம்

ஆலயத்துக்கு வரும் மாணவச் செல்வங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமியைக் கும்பிடத்தானே வாறம், பிறகு ஏன் ஐயா திரை போட்டு மறைக்கிறாங்க?" என்பதே அது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண 'மறை' என்னும் சொல்லை நாம் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

சொல்லும் வழக்கும்

ஒரு பொருளைப் பிறர் காணாதபடி வைப்பதற்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. மறைத்தல், ஒளித்தல், கரத்தல், பதுக்குதல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் 'கரத்தல்' இன்று நூல்களிலேதான் காணப்படுகிறது. 'பதுக்கல்' என்றால் தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசியையும் சீனியையும் அடுக்கி வைத்த கடைகளே நம் நினைவுக்கு வரும். வீட்டில் நாம் பெரிதும் வழங்குவது 'ஒளித்தல்'. பிள்ளைகள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகிறார்கள். கள்ளன் ஒளிக்கிறான்.

'மறைதல்' என்பதோ சற்று வேறுபட்டது. நமது வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் முன்னோர் பெயரிட்டனர். மாலையில் சூரியன் படுவான்கரைப் பக்கம் மறைகிறான். அவன் இல்லாமற் போய்விட்டான் என்று எவரும் சொல்வதில்லை. மறுநாள் எழுவான்கரையில் எழுவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பெரியோர் காலமானால் 'மறைந்தார்' என்று நாம் சொல்வதும் இக்கருத்துப் பற்றியே. மறைதல் என்பது அழிதல் அன்று.

மறை என்றால் வேதம்

இச்சொல்லையே நம்மவர் வேதத்துக்கும் பெயராக வைத்தனர். நான்மறை, அருமறை என்று வழங்குகிறோம். தொல்காப்பியர் மந்திரத்தை 'மறைமொழி' என்றார். திருவள்ளுவரும் நீத்தார் பெருமை அதிகாரத்தில் அச்சொல்லை ஆண்டுள்ளார். வேதங்கள் வழிபட்டதால் திருமறைக்காடு எனப் பெயர் பெற்ற தலம் தமிழகத்தில் உள்ள இன்றைய வேதாரணியம் ஆகும். வேதங்கள் பூட்டிச் சென்ற கதவைத் திறக்க அப்பர் சுவாமிகள் பதிகம் பாடினார். அது மீண்டும் மூடத் திருஞானசம்பந்தர் பாடினார்.

இச்சொல் சைவருக்கு மட்டும் உரியதன்று. நமது அயலில் வாழும் இஸ்லாமிய சகோதரர்கள் அல்குர்ஆனைத் திருமறை என்கின்றனர். கத்தோலிக்கர் மறைக்கல்வி, மறையுரை என்கின்றனர். 2012ஆம் ஆண்டு தனியாக்கப்பட்ட அவர்களது ஆயர் ஆட்சிப்பகுதிக்கு மட்டக்களப்பு மறைமாவட்டம் என்றே பெயர். மூன்று சமயத்தவரும் தமது உயர்ந்த பொருளை இந்த ஒரு சொல்லாலேயே குறிக்கின்றனர்.

ஐந்தொழிலில் மறைத்தல்

சிவபெருமான் செய்யும் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. நடராசர் திருவுருவில் உடுக்கை படைத்தலையும், அமைத்த கரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பன என்று மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம் கூறுகின்றது.

கடவுள் ஏன் மறைக்க வேண்டும்? ஆன்மா ஆணவ மலத்தாற் கட்டுண்டது. அது பக்குவப்படுமுன் உண்மையைத் தாங்காது. ஆகவே இறைவன் தன்னை மறைத்து நின்று, உலக இன்ப துன்பங்களில் உயிரைப் பழக்கி, மலம் பரிபாகமடையச் செய்கிறான். இதனைத் திரோதானம் என்பர். வயலிலே விதைத்த நெல்லைச் சேறு மறைத்து வைத்திருக்கிறது. முளை வரவில்லையே என்று தோண்டிப் பார்ப்பவனுக்கு வேளாண்மை இல்லை. சேறு நெல்லை மறைப்பது அதனை வளர்க்கவே. அதுபோல இறைவனின் மறைப்பும் கருணையே.

நமது பிரதேச வழிபாட்டில்

கதிர்காமத்தில் மூலஸ்தானம் திரைக்குப் பின்னே இருக்கிறது. விழாக் காலத்தில் பேழை மூடியபடியே யானைமீது வலம் வருகிறது. சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூரிலும் பூசகர் வாய்கட்டி, திரைமறைவிலே பூசை செய்கிறார். நமது கண்ணகை அம்மன் ஆலயங்கள் பலவற்றில் ஆண்டின் ஏனைய நாட்களில் கதவு பூட்டியிருக்கும். வைகாசியில் கதவு திறத்தலுடன் சடங்கு ஆரம்பித்துக் குளிர்த்தியுடன் நிறைவுறும். கதவு திறக்கும் நாளில் கூடும் சனமே அந்த மறைப்பின் பயனை எடுத்துக் காட்டும். பதினொரு மாதம் காத்திருந்த கண்ணுக்குத்தான் அந்தக் காட்சியின் அருமை தெரியும்.

மறைக்கக் கூடாதவை

சொல் உயர்ந்ததாயினும் செயல் எப்போதும் உயர்ந்ததாகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் என்று பழமொழியும் உண்டல்லவா? ஆகவே ஒன்றை மறைக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. யாருடைய நன்மைக்காக மறைக்கிறோம்?
2. எதுவரை மறைக்கிறோம்?

திரை அடியார்க்காகப் போடப்படுகிறது, உரிய வேளையில் விலகுகிறது. தன்னலத்துக்காக, என்றைக்கும் திறவாதபடி வைத்தால் அது வெறும் ஒளித்தலே.

ஆலயக் கணக்கு மறைக்கத் தக்கதன்று. ஆலய நிருவாகியை நாம் வண்ணக்கர் என்கிறோம். வண்ணக்கன் என்பது முற்காலத்தில் நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பவனுக்குரிய பெயர். அப்பெயரைச் சுமப்பவர் சபை நடுவே கணக்கை வாசிக்கத் தயங்கலாகாது. அரச கந்தோர்களிலேகூட 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தபின், காரணம் சொல்லாமல் தகவலை மறுக்க இயலாது. கடவுளின் கந்தோருக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்துமன்றோ?

அதைவிடக் கவலைக்குரியது பத்ததி ஏடுகளும் பாடல்களும் பற்றியது. பிறர் கையிற் போகக்கூடாது என்று பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவை பல கறையானுக்கு இரையாயின. 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், யுத்த கால இடப்பெயர்விலும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு பெட்டகங்களும் போயின. வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தையும், பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையையும் அச்சேற்றியதால் அவை இன்று நம் கையில் உள்ளன. அச்சேறியதால் அவற்றின் புனிதம் குறைந்ததா? இல்லையே! வைகாசியில் இன்றும் அம்மன் முன்னிலையில் வழக்குரை பாடப்படுகிறது.

ஆதலால் ஏடு வைத்திருப்போரும் முறை அறிந்த மூத்தோரும், தகுந்த பிள்ளை ஒன்றைத் தெரிந்து, நியமத்தோடு சொல்லிக் கொடுக்க முன்வர வேண்டும். வேதம் எழுதாக்கிளவியாய் நின்று இன்றுவரை நிலைத்தது, குருவின் வாயிலிருந்து மாணவன் செவிக்குச் சென்றதனாலேயே. ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருந்தால் அது மறையாக நிலைத்திராது, மறைந்தே போயிருக்கும்.

இனித் திரைமுன் நிற்கும்போது, "சாமி ஒளிச்சிட்டார்" என்று எண்ணாது, நம் பக்குவத்துக்காகக் காத்திருக்கிறார் என்று எண்ணிக் கைகூப்புவோமாக. திரை விலகும் வேளையில் எல்லோருக்கும் அருள் கிட்ட இறைவனைப் பிரார்த்திப்போமாக.

சுபம்.