தம்புரா கேட்க வேண்டும்: கச்சேரியைப் பதிவு செய்வோருக்குச் சில குறிப்புகள்

மதுரை மணி ஐயர் (1912–1968), ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973), எம்.டி. ராமநாதன் (1923–1984) ஆகியோரின் முழுக் கச்சேரிகளை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால், வானொலிக்கு அடுத்தபடியாக நன்றி சொல்ல வேண்டியது ஸ்பூல் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு போன ரசிகர்களுக்குத்தான். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் ஓடும். அதில் விஸ்தாரமான ஆலாபனைக்கு எங்கே இடம்? நிரவலும் ராகம் தானம் பல்லவியும் அவற்றின் முழு அளவில் நமக்கு வந்து சேர்ந்தது இந்த ரசிகர்களின் கைவண்ணத்தால்.

இன்று எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது. இருந்தும் கேட்கக் கஷ்டமான பதிவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு பதிவு தேறுமா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது தம்புராவை. பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அது ஏறாமல், இறங்காமல், மங்காமல் கேட்டால் பதிவு நல்ல பதிவு. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே சரியாக வந்துவிடும்.

1. முதலில் அனுமதி. சபாவிடமும் கேளுங்கள், பாடுபவரிடமும் கேளுங்கள். பல சபாக்களில் பதிவுக்குத் தடை உண்டு. மடிக்குள் மறைத்துவைத்துப் பதிவு செய்தால் துணி உரசும் சத்தம்தான் மிஞ்சும். வீட்டில் கேட்பதற்கு என்று அனுமதி வாங்கியதை இணையத்தில் ஏற்றக் கூடாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

2. செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு அப்படியே நின்றுவிடும்.

3. செல்போனின் ரெக்கார்டர் ஆப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நம் சங்கீதத்துக்கு அது இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. இரைச்சலைக் குறைக்கும் வசதி, மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கும். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதற்காகவே இருக்கும் தம்புராவை அது விட்டுவைக்குமா? சுருதி விட்டு விட்டுக் கேட்கும். நீண்ட கார்வை பாதியில் தேய்ந்து போகும். அடுத்தது, லெவலைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தால் பாடகரின் குரல் உள்ளே போய்விடும். பிறகு அமைதியான இடத்தில் தம்புராவும் மின்விசிறியும் பக்கத்து இருக்கைக்காரரின் இருமலும் பொங்கிக்கொண்டு மேலே வரும். பழைய கேசட் ரெக்கார்டர்களிலும் இதே தொல்லை இருந்தது. அமைப்புகளில் தேடி இரண்டையும் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத ஆப் என்றால் வேறு ஆப் பாருங்கள். அடிக்கடி பதிவு செய்பவர்கள் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கிவிடுவது மேல். இரண்டு மைக், கையால் திருகும் லெவல், ஹெட்போன் துளை, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

4. ஃபைல் வகையில் வேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் 'லாஸ்லெஸ்' என்று இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி., இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குச் சுமார் ஒன்றரை ஜி.பி. ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மணிக்கு ஒரு ஜி.பி. சுருக்கிய ஃபைலை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சுருக்கியதிலிருந்து பழையபடி முழுதாக்க வழியில்லை.

5. லெவலை வர்ணத்திலேயே வைத்துவிடுங்கள். மிருதங்கமும் சேர்ந்து வாசிக்கும்போது உச்சம் –12 டெசிபெலைத் தொட்டால் போதும். குறைவாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்றட்டும். மேல் ஷட்ஜத்தைத் தாண்டி காந்தாரத்தில் பாடகர் நிற்கும்போதும், தனி ஆவர்த்தனத்தின் கோர்வையின்போதும் அந்த மிச்ச இடம் தேவைப்படும். தாழ்ந்த லெவலைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சியில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும் குரலை எந்த மென்பொருளும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. கச்சேரி நடுவில் லெவலைத் திருகவே திருகாதீர்கள்.

6. சபாவில் ஸ்பீக்கருக்கு நேரே உட்கார வேண்டாம். நம் சபாக்களில் பலவற்றில் ஒலிபெருக்கியைத் தேவைக்கு மேல் வைக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் பதிந்தால் கிடைப்பது ஸ்பீக்கரின் குரல். நடு வரிசை, நடு இருக்கை. மாடிக்கு அடியில் வரும் பின் வரிசைகளில் ஒலி மந்தமாகிவிடும்.

7. வலக்கைக்காரரான மிருதங்க வித்வான் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், வலந்தலை நம்மைப் பார்க்கும்படி உட்காருவது வழக்கம். பழனி சுப்பிரமணிய பிள்ளை போல இடக்கையால் வாசிப்பவர் என்றால் பக்கம் மாறும். ஒலிபெருக்கி இல்லாத சிறிய கூடத்தில் இதைக் கவனித்து, நடுவிலிருந்து ஒரு முழம் வயலின் பக்கமாக நகர்ந்து மைக்கை வையுங்கள். சொல்கட்டு ஒன்றும் நழுவாது, குரலும் மறையாது.

8. மைக்செட்காரரிடமிருந்து நேரடியாக ஒரு கம்பி வாங்க முடிந்தால் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அவர் கலப்பது கூடத்தில் உள்ளவர்களுக்காக. சிறிய கூடத்தில் மிருதங்கம் தானாகவே கேட்குமென்று அதற்குரிய மைக்கை அவர் தாழ்த்தியிருப்பார். உங்கள் பதிவில் மிருதங்கம் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் வரும். கம்பி வழியாக ஒன்று, மைக் வழியாக ஒன்று என்று இரண்டும் பதிந்து பிறகு சேருங்கள். அவர் தரும் கம்பியை ரெக்கார்டரின் லைன் துளையில்தான் செருக வேண்டும். மைக் துளையில் செருகினால் கரகரவென்று உடையும்.

9. வீட்டுக் கச்சேரி என்றால் நீங்கள் பாக்கியசாலி. அறையை உங்கள் விருப்பப்படி அமைக்கலாம். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். ஜமக்காளம் விரியுங்கள், திரைச்சீலைகளை இழுத்து விடுங்கள், புத்தக அலமாரி பக்கம் பாடகரை உட்கார வைக்காமல் அதற்கு எதிரே உட்கார வையுங்கள். அவர் குரல் புத்தகங்களில் பட்டுச் சிதறும். ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள், கதவைத் திறக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பால் கெடாது. பழைய ட்யூப்லைட்டின் சோக் இரையும், மின்விசிறி ரெகுலேட்டர் சிலது மைக்கில் முனகும். அடுப்பில் குக்கர் வேண்டாம். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் எதிரொலி இன்னும் அடங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

10. மைக்கைத் தரையில் வைக்காதீர்கள். பாடகர் தொடையில் போடும் தாளம், யாரோ எழுந்து நடப்பது, எல்லாம் தரை வழியே ஏறும். ஸ்டாண்டில், பாடகரின் முகத்துக்குச் சற்று மேலே, ஆறு ஏழு அடி தள்ளி, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று.

11. சுருதிப்பெட்டியோ தம்புராவோ பாடகருக்குப் பின்னால், அவரோடு ஒரே திசையில் இருக்கட்டும். மைக்குக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே கச்சேரி நடத்தும்.

12. செல்போனில் பதிகிறவர்கள் சார்ஜ் செருகும் முனையை மேடைப் பக்கம் திருப்புங்கள். முக்கியமான மைக் அங்கேதான். உறையைக் கழற்றுங்கள். அந்தத் துளையை விரல் மூடக் கூடாது.

13. கோயில் பிராகாரம், திருவையாற்றுப் பந்தல் போன்ற திறந்த இடங்களில் காற்று மைக்கில் அடித்தால் 'புஸ்' என்று பெருஞ்சத்தம் வரும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். இல்லையேல் மெல்லிய பருத்திக் கைக்குட்டையை இறுக்காமல் சுற்றுங்கள்.

14. பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி நிறுத்திப் பதியாதீர்கள். சுருதி சேர்ப்பது, பாடகர் பக்கவாத்தியக்காரரிடம் சொல்லும் "பலே", கைதட்டல், அறிவிப்பு எல்லாம் இருக்கட்டும். கச்சேரி தொடங்கும் முன்பே தேதி, இடம், கலைஞர்கள் பெயரை உங்கள் குரலில் தாழ்வாகச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். ஃபைலின் பெயர் மாறிப்போனாலும் அந்தக் குரல் உள்ளேயே இருக்கும்.

15. இனிப் பழைய நாடாக்கள். அப்பா, தாத்தா காலத்துக் கேசட் பெட்டி வீட்டில் இருந்தால் தள்ளிப்போடாமல் எடுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். அந்தப் பூசணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, வேகமாகச் சுற்றினால் இழுபட்டுவிடும். எதை ஓட்டுவதற்கு முன்னும் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். கை தவறி மேலே பதிவாகாது.

16. ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம், ஈரத்துணி போதும்.

17. கேசட் பம்மிப்போய், கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் நாடாவையே குறை சொல்லிவிடாதீர்கள். பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாதிருக்கலாம். ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். மோனோவில் கேட்டபடி மிக மெதுவாக, இப்படியும் அப்படியுமாகக் கால் சுற்றுக்குள் திருகுங்கள். தம்புராவின் ஜீவா பளிச்சென்று எழும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். டால்பி போட்டுப் பதிந்தது என்று அட்டையில் எழுதியிருந்தாலொழிய அந்த பட்டனைத் தொடாதீர்கள்.

18. வேகம். பழைய பதிவுகளில் அதிகம் கெட்டிருப்பது இதுதான், அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான். நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒரு கட்டைக்காரர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார். குரலில் இளமை கூடும், பிருகாக்கள் அதிசயமாய்த் தெரியும். அது அவருடைய சங்கீதமே இல்லை. வயலின், மிருதங்கம் எல்லாமே பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பவை, எனவே அவற்றை வைத்து வேகத்தைப் பிடிக்க முடியாது. இங்கே உதவுவது, எல்லாரும் வெறுக்கும் மின்சார இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டர் அந்த முனகலையும் நாடாவில் பதிந்திருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். முனகல் 53இல் நின்றால் நாடா அரைக்கட்டை வேகம். நாடாவை நிறுத்திய பிறகும் முனகல் தொடர்ந்தால் அது உங்கள் மெஷினுடையது, கணக்கில் சேராது. அந்தக் காலத்து மின்சாரம் சரியாக 50இல் நின்றதில்லை, ஆகவே இதைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, அதே பாடகரின் அதே காலத்துப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். வயதாக ஆகச் சுருதியைக் குறைத்துக்கொண்டவர்கள் பலர். கச்சேரியில் யாராவது பேசியிருந்தால் அந்தப் பேச்சைக் கேளுங்கள். பேச்சுக்குரலின் வேகம் தப்பாக இருந்தால் காது உடனே சொல்லிவிடும். திருத்தும்போது வேகத்தை மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றுவது வேறு, அது தாளத்தைத் திருத்தாது.

19. முனகலை நீக்கும் வடிகட்டி 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று அடுக்காக வெட்டும். ஒரு கட்டைப் பாடகரின் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பாடகியின் ஷட்ஜம் 196. அகலமாக வெட்டினால் முனகலோடு சுருதியும் போகும். எம்.டி. ராமநாதன் போல மிகத் தாழ்ந்த சுருதியில் பாடியவர்களின் நாடாக்களில் 'லோ கட்' என்ற பட்டன் பக்கமே போகாதீர்கள். தொப்பியின் கும்கியும் அதோடு சேர்ந்து காணாமல் போகும். கொஞ்சம் முனகல் இருந்துவிட்டுப் போகட்டும்.

20. நாடாவின் 'ஸ்ஸ்' சத்தத்தையும் முழுதாக நீக்க முயலாதீர்கள். அந்தச் சத்தம் இருக்கும் இடத்தில்தான் தம்புராவின் மினுமினுப்பும் வில்லின் உரசலும் இருக்கின்றன. மூன்று நான்கு டெசிபெல் குறைத்தால் போதும். 90 நிமிடக் கேசட்டில் 45ஆவது நிமிடத்தில் பக்கம் மாற்றும்போது ஆலாபனை பாதியில் அறுந்திருக்கும். அதை ஒட்டி மறைக்காமல் இடைவெளியை அப்படியே விடுங்கள், கேட்பவருக்கு அங்கே ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும். எந்தத் திருத்தமும் செய்யாத முதல் பிரதியைத் தனியே வைத்துவிட்டு நகலில்தான் கை வைக்க வேண்டும்.

21. ஃபைலின் பெயர்: ஆண்டு-மாதம்-நாள், பாடகர், இடம். கூடவே ஒரு குறிப்பில் பக்கவாத்தியக்காரர்கள், பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர். வயலின் வாசித்தவர் யார் என்று 30 ஆண்டு கழித்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேசட் அட்டையில் கையால் எழுதியதையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். தேதி தப்பாகவே எழுதியிருந்தாலும் சரி.

22. இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். மற்றவருக்கு வாட்ஸப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். பாடியவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ ஒரு பிரதி கேட்காமலே கொடுங்கள். பல கலைஞர்களின் வீட்டில் அவர்கள் பாடியதே இருப்பதில்லை.