உடன்போக்கும் கரணமும்

நுழையும்முன்

இருவர் மனமொத்து வாழத் துணிந்தால் அதுவே மணமாகுமா? ஊரறிய நிகழும் சடங்கும் பெற்றோர் இசைவும் வேண்டுமா? இவ்வினா பழந்தமிழர் முன் எழுந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் கடற்கரையிலும் எழுந்தது. காலத்தாலும் நிலத்தாலும் விலகி நின்ற இரு சமூகங்கள் இதற்குக் கண்ட விடைகளை ஒப்பிட்டு நோக்குகிறது இப்பாடம்.

தமிழ் மரபில் உடன்போக்கு

களவில் வளர்ந்த காதலை ஊரார் தூற்றுவது அலர். அலர் எழுந்தபின் தலைவி இற்செறிக்கப்படுகிறாள். அயலார் அவளைப் பெண் கேட்டு வருகின்றனர். தோழி அறத்தொடு நின்று உண்மையை உணர்த்தியும் பெற்றோர் உடன்படாதபோது, தலைவி தலைவனுடன் ஊரை நீங்குகிறாள். இதுவே உடன்போக்கு. தொல்காப்பியம் இதனைக் கொண்டுதலைக்கழிதல் என்று குறிப்பிடும்.

தக்க மரபினர் கொடுக்கத் தலைவியைக் கரணத்தோடு ஏற்பது கற்பு என்பது தொல்காப்பியத்தின் பொது விதி. கரணம் என்பது திருமணச் சடங்கு. ஆயினும், இருவரும் உடன்போக்கு மேற்கொண்டவிடத்துக் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் உண்டு என்று அந்நூல் மற்றொரு விதியையும் வகுக்கிறது. உடன்போக்கை அது குற்றமாக ஒதுக்கவில்லை. மணத்தின் ஒரு வகையாக ஏற்றுக்கொள்கிறது. அதே வேளையில், பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே சான்றோர் கரணத்தை ஏற்படுத்தினர் என்று காரணமும் கூறுகிறது. காதலைத் தடுப்பதற்கன்று, ஏமாற்றத்தைத் தடுப்பதற்கே சடங்கு பிறந்தது என்பது இதன் கருத்து.

ஆங்கிலேயர் கண்ட கரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் இதே சிக்கல் தோன்றியது. இலண்டனில் ஃபிளீட் சிறைச்சாலையின் சுற்றுப்புறத்தில் மறைமணங்கள் பெருகின. முன்பே மணமானவர் அதனை மறைத்து மீண்டும் மணந்தனர். சொத்துள்ள இளையோர் வஞ்சிக்கப்பட்டனர். இதனைத் தடுக்க ஹார்ட்விக் பிரபுவின் முயற்சியால் 1753ஆம் ஆண்டில் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. திருமணம் தேவாலயத்தில், முன்னறிவிப்புடனோ உரிமத்துடனோ நிகழவேண்டும் என்றும், 21 வயது நிரம்பாதோர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் அது விதித்தது.

இச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. சாட்சிகள் முன்னிலையில் இருவரும் கணவன் மனைவியாக ஏற்பதாக உரைத்தாலே அங்கு மணம் செல்லும். ஆகவே இங்கிலாந்தின் காதலர்கள் வடக்கு நோக்கிக் குதிரை வண்டிகளில் விரைந்தனர். சால்வே கடற்கழியின் தலைப்பில், எல்லையை அடுத்திருந்த கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூர் அவர்களின் புகலிடமாயிற்று. அவ்வூர்க் கொல்லனின் உலைக்களம் மணமன்றமாகப் புகழ்பெற்றது. இரும்பை இணைக்கும் பட்டடைக்கல், இரு மனங்களை இணைப்பதன் அடையாளமாயிற்று. பெற்றோர் பின்தொடர்ந்து வந்து சேர்வதற்குள் அங்கு மணம் முடிந்துவிடும்.

பாறைக்கரையில் ஒரு துறை

கிரெட்னாவுக்கு மேற்கே, ஸ்காட்லாந்தின் தென்மேற்கு முனையில் அமைந்தது போர்ட்பாட்ரிக் துறைமுகம். செங்குத்தான பாறைகளுக்கு நடுவே குடைந்ததுபோன்ற சிறு குடா அது. மேலைக்காற்று வீசும்போது அலைகள் துறையையே மோதும். அதற்கு எதிரே, கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அயர்லாந்தின் டோனகடி துறைமுகம் உள்ளது. அஞ்சல் சுமந்த பாய்மரக் கப்பல்கள் இவ்விரு துறைகளுக்கும் இடையே இயங்கின. அயர்லாந்துக் காதலர்கள் அக்கப்பல்களில் வந்திறங்கினர். நெடுநாள் காத்திராமல் அவ்வூர்ச் சபைப் போதகரைக் கொண்டு மணந்தனர். 1826ஆம் ஆண்டில் திருச்சபை இவ்வழக்கத்தை நிறுத்தியது.

நம் பாலைப்பாடல்களில் காதலர் கடப்பது வெயில் காயும் சுரம். இங்கு அவர்கள் கடந்தது கொந்தளிக்கும் கடல். வழி வேறாயினும் உற்றார் அனைவரையும் விட்டு ஒருவரை நம்பிச் செல்லும் துணிவு ஒன்றே.

காதலின் பெயரால் வஞ்சனை

அத்துணிவுக்கு இடமளித்த அதே வழி, வஞ்சகர்க்கும் பயன்பட்டது. 1826ஆம் ஆண்டில் எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டு என்பவர், பெருஞ்செல்வரின் ஒரே மகளான எல்லன் டர்னர் என்னும் 15 வயதுச் சிறுமியைப் பள்ளியிலிருந்து பொய் கூறி வரவழைத்தார். தாய் நோயுற்றிருப்பதாக முதலில் சொல்லப்பட்டது. பின்னர், தந்தையின் செல்வம் அழியும் நிலையில் உள்ளது என்றும், இத்திருமணத்தாலேயே அவரைக் காக்க இயலும் என்றும் நம்பவைத்துக் கிரெட்னா கிரீனில் அவளை மணந்தார். மறு ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அம்மணத்தைச் செல்லாததாக்கியது; வேக்ஃபீல்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சிறுமி வாயால் இசைந்தாள். ஆனால் அந்த இசைவு பொய்யின்மேல் எழுப்பப்பட்டது. உண்மையை அறிந்து உரைக்கும் சொல்லே இசைவாகும். தொல்காப்பியம் சுட்டிய பொய்யும் வழுவும் எத்தகையவை என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று. மணப்போரில் ஒருவரேனும் 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்கவேண்டும் என்று 1856ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1940ஆம் ஆண்டில், சாட்சிகள் முன் வாய்மொழியால் மணக்கும் முறையும் முடிவுக்கு வந்தது.

தாயின் தேடல்

உடன்போக்கில் துயருறுவோர் வீட்டில் எஞ்சியோர். ஐங்குறுநூற்றில் மகளைப் பிரிந்த தாயின் இரக்கத்துக்கென்றே ஒரு பத்து அமைந்துள்ளது. சென்ற மகள் மீண்டு வருவதைப் பாடும் மறுதரவுப் பத்தும் அந்நூலில் உண்டு. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிவரும் செவிலிக்கு வழியில் எதிர்ப்பட்ட அந்தணர், கடலில் பிறந்த முத்து அணிபவர்க்கன்றிக் கடலுக்குப் பயன்படுவதில்லை என்று உவமை காட்டித் தேற்றுகின்றனர். அவர்கள் தாயின் அன்பைப் பழிக்கவில்லை. மகள் மேற்கொண்ட அறத்தையும் குறைக்கவில்லை.

இன்றைய விடை

தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்திருத்தம், சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. உறவினர், நண்பர் முதலியோர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக உரைத்து, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் வேண்டியதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்னும் வயது வரம்பு தனியே காவலாக நிற்கிறது. விருப்பத்துக்கு உரிமையும் ஏமாற்றத்துக்குத் தடையும் ஒருங்கே அமையவேண்டும் என்பதே தொல்காப்பியத்தின் இரு விதிகளும் சேர்ந்து உணர்த்தும் உண்மை. இசைவே மணத்தின் உயிர். கரணம் அதன் வேலி.

தெரிந்து தெளிவோம்

ஜேன் ஆஸ்டின் எழுதி 1813ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தில், வீட்டை விட்டுச் செல்லும் லிடியா, தான் கிரெட்னா கிரீனுக்குச் செல்வதாகக் கடிதம் எழுதிவைக்கிறாள்.

கற்பவை கற்றபின்

1. கரணம் தோன்றியதற்குத் தொல்காப்பியம் கூறும் காரணத்தை, 1753ஆம் ஆண்டுச் சட்டம் தோன்றிய சூழலோடு ஒப்பிட்டு எழுதுக.
2. 'அறியாது தரும் இசைவு இசைவாகாது' – எல்லன் டர்னர் நிகழ்ச்சியைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.
3. மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு நீங்கள் கூறும் ஆறுதலை ஒரு பத்தியில் எழுதுக.